கடைசிப் படகில் நிற்பவர்

சுவரிலிருந்து இறக்கியபோது படத்தின் முதுகு ஈரமாயிருந்தது. சுவரோ காய்ந்து கிடந்தது. சைப்ராண்ட் விரலை முகர்ந்தான். கடல்நீர். காட்வைக் மாதிரிக் கடலோர ஊரில் மீன்பிடிக்காரர் வீட்டில் எதுதான் நாறாது என்று விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஏலக்கூடம் ஒன்றுக்காகப் படங்களை மதிப்பிடுபவன் அவன். மணலில் ஏற்றிய தட்டையடிப் படகுகள், தேவாலயக் கூரை, பஞ்சு மேகம் என்று இதே கடற்கரையை ஆயிரம் முறை பார்த்தாயிற்று. மூச்சுப் பட்டாலே கிழிந்துவிடுவது போன்ற தாளில் நீர்வண்ணம். பிஸ்கட் டப்பா மூடிக்கு ஆகும்.

"கடைசிப் படகுல நிக்கிறது எங்க வீட்டுக்காரர் கிரைன், சார். மாமனார் வரைஞ்சது," என்றாள் நேல்ச்சே.

"மூக்கா அது? உருளைக்கிழங்காட்டம் இருக்கு."

"அவர் மூக்கே அப்படித்தான்." சிரித்தாள். "மாடியில இருமிக்கிட்டிருக்காரே, இறங்கி வந்தா பாருங்க. படத்துல மட்டும் கை வெச்சிடாதீங்க."

அவள் காபி போடப் போனாள். யாருக்கு யார் சொல்வது! சாயம் நிற்கிறதா பார்ப்போம் என்று பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து, அந்த மூஞ்சியின் மேல் இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு இழுத்தான். முகம் முழுதும் பஞ்சோடு வந்துவிட்டது. பஞ்சு வெதுவெதுவென்றிருந்தது.

மேலே இருமல் நின்றது.

வெளியே கடற்பறவைகள் கத்தின, அடுப்பில் தண்ணீர் கொதித்தது, ஜன்னல் கண்ணாடியில் காற்று மணலை வாரி அடித்தது. மாடியில் மட்டும் ஓசையில்லை. பிறகு மரப்படி முனகியது. சுவரில் உள்ளங்கை உரசியது. இன்னொரு படி. கிழவனுக்குத் தூக்கக் கலக்கம். அவ்வளவுதான். அவ்வளவுதான்.

கதவு திறந்தது.

வாசலில் நின்றவருக்குக் காதுகள் இருந்தன. நடுவில் தோல்நிறம் இடமிருந்து வலமாக இழுபட்டிருந்தது. ஈரமாக.

காபித் தட்டோடு வந்த நேல்ச்சே கணவனைப் பார்த்தாள். பஞ்சைப் பார்த்தாள். கத்தவில்லை. இழுப்பறையிலிருந்து தூரிகையையும் வண்ணப் பெட்டியையும் எடுத்து சைப்ராண்ட் முன்னால் தள்ளினாள்.

"குறை சொல்லத் தெரியுதுல்ல? வரைங்க."

"எனக்கு... வரைய வராதும்மா."

"அதானே." துப்பாத குறையாகப் பார்த்தாள். "சீக்கிரம். அவரால மூச்சு விட முடியல."

கிரைன் தடவித் தடவி நாற்காலியை இழுத்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். அந்த ஈரப் பூச்சை அவனுக்கு நேரே நிமிர்த்தினார். வாய் இருக்க வேண்டிய இடத்தில் தோல் உள்ளே குழிந்தது. இன்னும் குழிந்தது.