சிவப்பு டேப் சுற்றிய கம்பி

பழைய வணிக வளாகத்தின் அடித்தளத்தில், கார்கள் நிறுத்தும் இடத்தின் கடைசி மூலையில் டெஸ்டரின் ஒர்க்‌ஷாப் இருந்தது. வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன். டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டே திரிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவன் தங்கைகூட மறந்துவிட்டாள்.

அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. சரிவுப் பாதையில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்க, அந்தத் தங்கையின் கணவன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு சாம்பல் நிறக் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான்.

"எப்படி மச்சான் நம்ம வண்டி? பார்த்ததும் பிடிச்சுப்போச்சு. கண்ணை மூடிட்டு வாங்கிட்டேன்."

"கண்ணை மூடிட்டுத்தான் வாங்கியிருக்கீங்க மாப்ள. ஏர்பேக் லைட் எரியுது பாருங்க."

"துளியூண்டு விளக்கு. அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்குறீங்களே."

"அது எரிஞ்சா, மோதுற நேரத்துல பை விரியாது. எட்டு மாசக்காரி உக்காரப்போற சீட்டு இது."

தங்கை எதிர்த்தெரு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குப் போயிருந்தாள். முடிந்ததும் இந்த வண்டியில்தான் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அவளுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. அதை இருவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

டெஸ்டர் கதவைத் திறந்தான். ஈரத் தலைமுடியை உலர்த்தாமல் முடிந்துவைத்தால் வருமே, அந்த வாடை முகத்தில் அடித்தது. மழை வாடை என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டிச் சாவியைத் திருப்பினான். திரை சற்று நேரம் சுற்றிவிட்டு, ‘இணைப்பு இல்லை’ என்றது.

"உங்க மிஷின் ஊமையாயிடுச்சு போல" என்றான் தங்கையின் கணவன்.

வேலையில் வரிசை மாறக் கூடாது என்பது டெஸ்டரின் பழக்கம். முதலில் ஸ்கேனரைக் கழற்றித் தன் வேனில் மாட்டினான். அது ஓட்டை வேன். எஞ்சினுக்கு மட்டும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, சீட்டில் சென்சார் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் உடனே பதில் சொன்னது. ஆக, ஸ்கேனரில் குறையில்லை, கேபிளிலும் குறையில்லை. காருக்குத் திரும்பி ஃப்யூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. சாக்கெட்டில் கரண்ட் வந்தது, எர்த்தும் இருந்தது. மிஞ்சியது சாக்கெட்டிலிருந்து உள்ளே போகும் கம்பிகள். வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் அந்தக் கம்பிகள் வழியாகத்தான் ஸ்கேனரோடு பேசும்.

மல்லாந்து படுத்து, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைத்து, டார்ச் அடித்தான்.

ஒரு கம்பி வெட்டப்பட்டிருந்தது.

எலி கடித்ததல்ல, உரசி அறுந்ததுமல்ல. கட்டரால் நறுக்கி, இரண்டு முனைகளையும் தனித்தனியாக மூடி, ஒன்றையொன்று தொட வழியே இல்லாதபடி எதிரெதிர்த் திசையில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டிலும் சிவப்பு டேப்.

டெஸ்டரின் கை நின்றது. வயரிங்காரர்கள் கறுப்பு டேப்தான் சுற்றுவார்கள். சிவப்பு சுற்றினால், பின்னால் வரும் வேலைக்காரனுக்கு அது ஒரே ஒரு செய்தி: காரணத்தோடு வெட்டியிருக்கிறேன், விசாரிக்காமல் சேர்க்காதே.

"மாப்ள, வித்தவனுக்கு ஒரு போன் போடுங்க. யாரோ வேணும்னே வெட்டி வெச்சிருக்காங்க."

அவன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுக்க மாட்டேங்கிறான். இங்க பாருங்க மச்சான், ஒட்டத் தெரிஞ்சா ஒட்டுங்க. தெரியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்க்கிறேன். அவளைக் கூட்டிட்டு வர்றேன், அதுக்குள்ள முடிங்க."

குடையை விரித்துக்கொண்டு சரிவில் ஏறிப் போய்விட்டான்.

டெஸ்டர் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தான். சேர்க்காவிட்டால் ஏர்பேக்கின் கோளாறைப் படிக்க முடியாது. படிக்காமல் தங்கையை அந்தச் சீட்டில் உட்காரவைக்க மனம் ஒப்பவில்லை. டேப்பைப் பிரித்தான். கட்டரால் முனைகளைச் சீவி, முறுக்கி, சேர்த்தான்.

ஸ்கேனரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினான்.

‘இணைப்பு கிடைத்தது.’

மூச்சுவிட்டான். திரையில் வரிகள் ஒவ்வொன்றாக ஏறின.

‘முன் சீட்: ஆள் உண்டு. பெல்ட்: மாட்டியுள்ளது.’

தலையைத் திருப்பிப் பார்த்தான். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. பெல்ட் கதவோரமாகத் தொங்கியது. சென்சாரில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று எட்டிச் சீட்டைத் தொட்டான்.

வெதுவெதுப்பாக இருந்தது. அதன் நடுவே ஒரு குழிவு, இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல.

கையை எடுத்தான். குழிவு மேலே எழும்பி வரவில்லை.

பிறகு, மெல்ல, எழும்பியது.

‘முன் சீட்: ஆள் இல்லை.’

ஈர முடியின் வாடை இன்னும் கனத்தது. மழைச் சத்தம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது. அவன் கண் திரையை விட்டு நகரவில்லை.

‘பின் சீட்: ஆள் உண்டு.’

‘பின் சீட்: ஆள் இல்லை.’

‘ஓட்டுநர் சீட்: ஆள் உண்டு.’

ஓட்டுநர் சீட் அவன் விலாவை ஒட்டி இருந்தது.

சீட்டுக்கு அடியில் அதை நகர்த்தும் மோட்டார் உறுமியது.

சீட் முன்னால் நகர்ந்தது. அவன் எழப் பார்த்தான். ஸ்டியரிங் நெற்றியில் இடித்தது. சீட்டின் விளிம்பு விலாவில் ஏறியது, மிதிகட்டைகள் முதுகில் குத்தின. சாவியை நோக்கிக் கையை நீட்டினான். எட்டவில்லை.

"விடு" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

காதுக்குள் ஒரு மூச்சு விழுந்தது. சில்லென்று.

"இது என் எடம்."

ஏதோ ஒரு எலும்பு நெரிந்தது. இடது கை மட்டும் தரையில் துழாவி, கட்டரைப் பிடித்தது. கண்ணால் பார்க்க முடியவில்லை. விரலால் தடவி, சேர்த்த இடத்தைக் கண்டுபிடித்து, நறுக்கினான்.

சீட் நின்றது. ஸ்கேனர் அணைந்தது.

தங்கையும் கணவனும் வந்தபோது அவன் விலாவைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். வெட்டிய முனைகளைப் பழையபடியே பிரித்துக் கட்டியிருந்தான். சிவப்பு டேப் ஒரு சுருள் முழுக்கத் தீர்ந்திருந்தது.

"இந்த வண்டியில இவ ஏற மாட்டா."

"ஏன்?"

டெஸ்டர் சொன்னான். ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னான்.

தங்கையின் கணவன் சிரித்தான். கண்ணில் சிரிப்பு இல்லை. "கம்பி ஒட்டத் தெரியலைன்னு சொல்ல வெட்கமா இருந்தா வேற கதை சொல்லுங்க மச்சான். பிள்ளைத்தாச்சி முன்னாடி இதையா பேசுவாங்க?"

"நீங்க அதுல போங்க. இவளை நான் வேன்ல கொண்டுபோய் விடுறேன். இவளை அதுல ஏத்தப் பார்த்தா சாவியைப் பிடுங்கிடுவேன்."

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சண்டை போட நேரமா இது? எனக்கு நிக்க முடியல. அண்ணன்கூடவே போறேன், விடுங்க" என்று சொல்லிவிட்டு, வேனின் முன் சீட்டில் மெல்ல ஏறி உட்கார்ந்தாள். டெஸ்டர் ஸ்கேனரை அள்ளி அவள் பக்கத்தில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சரிவில் ஏறி வெளிச்சத்துக்கு வந்ததும்தான் நெஞ்சின் பாரம் இறங்கியது. கண்ணாடியில் மழைத்துளிகள் ஓடின.

"அந்தாளு பேசினதை மனசுல வெச்சுக்காதண்ணே. பயத்துல கத்துறாரு. டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க" என்றாள். பிறகு, "இதென்ன, தானா எரியுது?" என்று ஸ்கேனரை எடுத்து மடியில் வைத்தாள்.

டெஸ்டர் திரும்பவில்லை. "என்னம்மா போட்டிருக்கு?"

"முன் சீட், ஆள் உண்டுன்னு போட்டிருக்கு. நான்தானே, சரி." அவள் சிரித்தாள். "பெல்ட் மாட்டியுள்ளதாம். பொய் சொல்லுது உன் மிஷின். வயித்தை அழுத்துதுன்னு நான் பெல்ட்டே போடலையே."

ஸ்கேனரின் கேபிள் எதிலும் செருகப்படாமல், அவள் காலடியில் சுருண்டு கிடந்தது.

வேனுக்குள் ஈரத் தலைமுடியின் வாடை எழுந்தது. அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பெல்ட் மெதுவாக, மிக மெதுவாக, இழுபடும் சத்தம் கேட்டது.