கையோடு வந்த மண்

வீட்டைக் கூட்டும்போது வந்த மண்ணில் ஈரமே இல்லை. ஐப்பசி மழை விடாமல் பிடித்து, கொள்ளிடக் கரையின் கருவண்டல் மிதித்த காலோடு அப்பிக்கொண்டு அடுப்படி வரைக்கும் ஏறி, பாயும் தலையணையும் நனைந்த நாயின் வாடை அடித்துக் கிடந்த அந்த வாரத்தில், மரிய புஷ்பத்தின் விளக்குமாற்றுக்கு முன்னால் மட்டும் மாவுபோல வெளுத்த மஞ்சள் மணல் சரசரவென்று உருண்டது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது.

மாதா சுரூபத்தின் காலடியில் இருந்த சிகரெட் டப்பாவிலிருந்துதான் கொட்டுகிறது என்று நினைத்து, மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி அடைத்திருந்தாள். அடைத்த மெழுகு அப்படியே இருந்தது. மணலும் வந்துகொண்டிருந்தது. புருஷன் கல்லறை மண்ணாயிற்றே, குப்பையில் கொட்டலாமா? கூட்டியதையெல்லாம் சுரூபத்துக்குக் கீழே மூலையில் குவித்துவைத்தாள். கல்லறைத் திருநாளன்று கோவில் கல்லறைத் தோட்டத்தில் ஓர் இடம் கேட்டு, அங்கே சேர்த்துப் போட்டு, மெழுகுதிரி ஏற்றிவிடலாம் என்பது அவள் எண்ணம்.

சின்னப்பராஜ் கல்யாணமாகி ஆறே மாதத்தில் பட்டாளத்துக்குப் போனவன். லிபியாவில் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. எங்கே புதைத்தார்கள் என்று வரவில்லை. சண்டை ஓய்ந்து இப்போது ஆரோக்கியசெல்வம் வாத்தியார் அவளைப் பெண் கேட்டிருந்தார். தந்தி போதாது, புதைத்ததைக் கண்ணால் பார்த்தவன் வந்து சொன்னால்தான் கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பேன் என்று பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது.

அவள் ஒழுங்காகத்தான் தேடினாள். பட்டாள ஆபீசுக்கு எழுதிப் போட்டாள். அரியலூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய சிப்பாய்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டாள். கடைசியில் ஒருத்தன் செட்டிகுளத்து அரியமுத்துவைக் கேட்கச் சொன்னான். தம்பி சவரியார் போய்ப் பார்த்து வந்தான். நான்தான் புதைத்தேன், பாலைவனத்தில் ஒத்தைக் கல்லறையாகக் கிடக்கிறான், வந்து சாட்சி சொல்கிறேன் என்று அரியமுத்து சொன்னானாம். டப்பாவைக் கொடுத்தனுப்பியதும் அவன்தான்.

அன்று சாயங்காலம் சவரியார் அவனை அழைத்து வந்தான்.

"அக்கா, மாப்பிள்ளை வாத்தியாரு புதுச் சட்டைக்கு அளவு குடுத்துட்டாரு. இவரு சரியா சொல்லலேன்னா அந்தச் சட்டையை நான்தான் போட்டுக்கணும். நீ காப்பி குடு, நான் சாமியாரு பங்களாவுல சொல்லிட்டு வரேன்."

அரியமுத்து சிரிக்கவில்லை. வாசற்படி தாண்டியதும் மூலையைப் பார்த்துவிட்டு நின்றான்.

"ஏது தங்கச்சி இவ்வளவு?"

"நீங்க குடுத்த டப்பாலேருந்துதாண்ணே. எங்கயோ ஒழுவுது."

"நான் குடுத்தது ஒரு பிடிதானே."

அவள் காப்பியை வைத்தாள். அவன் தொடவில்லை. கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவருக்குக் காயம் எங்க பட்டுச்சு?"

"காயமே இல்ல. குண்டு பக்கத்துல விழுந்துச்சு. ஆளு அப்படியே சாஞ்சுட்டான். தொரை கையைப் புடிச்சுப் பாத்துட்டு முடிஞ்சுதுன்னாரு. பின்னாலயே எதிரி டாங்கி வருது. கம்பளில சுத்திப் பாதையோரமா பொதைச்சோம். ரெண்டு குச்சியைக் கட்டிச் சிலுவை வெச்சேன். ஒங்க வழக்கமாச்சேன்னு."

"அப்புறம்?"

"லாரி ஏறித் திரும்பிப் பாத்தேன்." வாயைத் துடைத்துக்கொண்டான். "மேல் மண்ணு ஏறி எறங்குச்சு."

"காத்தா இருக்கும்."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்."

"காத்து அடிச்சுதாண்ணே?"

"இல்ல."

அரியமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"எறங்கி ஓடிப்போயிக் கையால தோண்டினேன். ஒரு பிடி அள்ளியிருப்பேன். ரெண்டு பேரு வந்து இழுத்து லாரில போட்டுட்டானுவ. ரொம்ப தூரம் போயிக் கையை விரிக்கிறேன், அந்த ஒரு பிடி கையோட வந்துருச்சு. கீழ போட மனசு வரல தங்கச்சி."

அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. மடியில் கிடந்த கைகள் வேறு யாருடையவோ போல இருந்தன.

"சாமியாரு கேட்டா நான் என்னன்னு சொல்ல தங்கச்சி?"

கோவில் மணி அடித்தது. வழக்கமாகச் சிலுவை போட்டுக்கொள்வாள். அன்று கை எழவில்லை.

"செத்தவரைப் பொதைச்சேன்னு சொல்லுங்க."

"பொதைச்சேன்னு சொல்றேன். அது நெசம். மத்தது..."

"மத்ததையும் சொல்லுங்கண்ணே."

 அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிச் சாமியார் பங்களாவுக்குப் போனான்.

அவள் விளக்கை ஏற்றி மூலையில் வைத்தாள். கூட்டிவைத்த குவியலின் உச்சியில் ஒரு பள்ளம் இருந்தது. ஒரு பிடி அளவு. காலையில் இல்லை. விளிம்பு சரியாமல் நின்றது.

அரியமுத்து அள்ளி வந்ததைத் திருப்பிப் போட்டால் மூடிவிடும். அப்படித்தான் தோன்றியது. மெழுகை நகத்தால் கீறினாள். மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்ததைப் பள்ளத்தில் கொட்டினாள். பிறகு அடக்கத்தில் எல்லோரும் போடுவதுபோல மூன்று பிடி அள்ளிப் போட்டாள். மரித்தவர்களுக்கான செபத்தைச் சொன்னாள். பாதியில் மறந்துபோயிற்று.

மணல் ஏறியது.

இறங்கியது.

கதவைப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. விளக்குச் சுடர் அசையவில்லை.

ஏறியது. இறங்கியது.

உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். சூடாக இருந்தது. மெல்ல இழுக்கும். நடுவில் சின்னதாக ஒரு தடங்கல். பிறகு விடும். அந்தத் தடங்கல் அவளுக்குத் தெரியும். ஆறு மாதம் புருஷன் மூச்சில் காதோரத்தில் கேட்டது.

கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் மணலை அள்ளி அள்ளி மேலே போட்டாள்.

தெருவில் சவரியாரின் குரல் சந்தோஷமாக ஓடி வந்தது.

"அக்கா, பொதைச்சேன்னு அவரு சொன்னாரு, சாமி ஒத்துக்கிட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழமையே மொத ஓலை."

கைக்கு அடியில் மூச்சு நின்றது. அடங்கிப்போனவன் மூச்சு நிற்பதுபோல அல்ல. வெளியே யாரோ பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பவன் மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல.