காற்று போகும் வழி

"நாய்தான்னு சொல்லிட்டேன், அதோட விடு..."

"நாயின்னா எதுக்குங்க ரிவர்ஸ் எடுத்தீங்க, எடுத்துட்டு மறுபடியும் முன்னால..."

"கீழ சிக்கிக்கிச்சு ரஞ்சனி. வண்டிய எடுக்கணுமா வேணாமா?"

"சிக்கினது பேசிச்சுங்க. எனக்குக் கேட்டுச்சு."

அதற்குப் பதில் கட்டிங் மெஷின்தான் சொன்னது. அன்புச்செல்வன் மஞ்சள் காரின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பம்பரின் கீழுதட்டை அறுத்துக்கொண்டிருந்தான். திருவானைக்காவலில் அந்தச் சந்துக்கே வேடிக்கை அந்தக் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாக, எதிரே வருகிறவனை முறைக்கிற மாதிரி முகம். முந்தின ராத்திரி கொட்டும் மழையில் இருவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பும்போது ஆற்றோரச் சாலையில் எதன் மீதோ மோதி அந்த முகம் விரிசல் விட்டது. மெக்கானிக்கிடம் விட்டால் கேள்வி வரும். அதனால் வீட்டிலேயே வேலையை வைத்துக்கொண்டான். விரிசலோடு கறையையும் சேர்த்து அறுத்து எறிந்துவிட்டு, எட்டிப் பார்த்தவர்களிடமெல்லாம் இன்ஜின் சூடாகிறது, காற்று உள்ளே போக வழி பண்ணுகிறேன் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

ரஞ்சனியும் நாய் என்றுதான் நம்பப் பார்த்தாள். காலையில் பக்கத்து வீட்டுக் காளியாயி வந்து, பூக்காரி வள்ளிக்கண்ணு வீடு திரும்பவில்லையாம், ஆற்றோரம் கூடை மட்டும் நசுங்கிக் கிடந்ததாம், ஆளைக் காணோமாம் என்று சொல்லிவிட்டுப் போகும்வரை.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கேட்டருகே வந்து நிற்பவள் வள்ளிக்கண்ணு. குட்டையான உருவம், அதற்கேற்ற குட்டைக் கை. உன் கையால் அளந்தால் முழம் சாணாகிவிடுகிறதே என்று ரஞ்சனி சீண்டுவாள். "வேணும்னா உங்க வீட்டுக்காரர் கையால அளந்து தர்றேன், நெட்டைக் கை" என்று அவள் வெற்றிலை வாயோடு சிரிப்பாள்.

ஸ்டேஷனுக்கு வாருங்கள், இல்லையென்றால் நானே போய்ச் சொல்கிறேன் என்று ரஞ்சனி மத்தியானம் சொன்னாள். அவன் அறைந்தான். அதுவரை அவள்மீது கை வைக்காதவன். பிறகு கேட்டைப் பூட்டிச் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி மெஷினை எடுத்தான். கிழிந்த உதட்டில் உப்புக்கரித்தது. எப்படியாவது அந்தச் சாவி கைக்கு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

பொழுது சாயும்போது மெஷின் நின்றது. தீய்ந்த பிளாஸ்டிக் நாற்றம் மெல்ல அடங்க, அதற்கடியிலிருந்து இன்னொரு வாசம் எழுந்து வந்தது. ஈரத்துணியில் சுற்றி வைத்த மல்லிகையின் வாசம், வாடாத, அப்போதுதான் பிரித்த வாசம். வீட்டில் பூவே இல்லை. காற்று எப்படிப் போகிறதென்று பார்க்க, அறுத்த வாயைச் சுற்றி அவன் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தான். கொடியில் துணி அசையவில்லை, வாசல் முருங்கையில் இலை அசையவில்லை. நூல்கள் அத்தனையும் உள்பக்கமாக நீட்டிக்கொண்டு துடித்தன.

"சாம்பிராணி போட்டுக் கொண்டா. புகை வச்சுப் பாத்தா தெரிஞ்சுரும்" என்றான்.

வெள்ளிக்கிழமைதான். எப்படியும் போட வேண்டியது. சாமி அலமாரி முன்னால் தணலில் பொடியைத் தூவினாள். வீடெல்லாம் சுழன்று மூலை முடுக்கில் நுழைய வேண்டிய புகை, கயிறு திரித்தது போல ஒரே கோடாகி, கூடத்தைத் தாண்டி, வாசல்படி தாண்டி, நேரே அந்த வாய்க்குள் போனது. தூபக்காலைத் தூக்கிக்கொண்டு அவள் புகையின் பின்னாலேயே நடந்தாள்.

அவனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, எப்படி இழுக்குதுன்னு."

"வண்டி ஓடலையேங்க."

"ரேடியேட்டர் ஃபேன் சுத்தும்."

"பேட்டரிய காலையிலேயே கழட்டி வச்சிட்டீங்க."

அவன் சுவரோரம் கிடந்த பேட்டரியைப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. மழையில் கார் பின்னால் நகர்ந்தபோது அவள் காதில் விழுந்த அதே மூச்சு.

ஏதோ அடைத்திருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் கையை விட்டான். ஈரமான வாழைநார் ஒன்று வந்தது. இழுத்தான். நாரோடு மல்லிகை வந்தது, நெருக்கமாகத் தொடுத்தது, ஒரு மொட்டுகூட நசுங்காதது. இழுக்க இழுக்க வந்தது. கையை எடுங்கள் என்று ரஞ்சனி கெஞ்சினாள். நுனியைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது என்று அவன் முழங்கைவரை நுழைத்தான்.

பிறகு, "ரஞ்சனி" என்றான்.

சின்னக் குரல்.

"கை வரல."

நார் இறுகியது. இப்போது அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவன் கன்னம் பம்பரில் போய் அப்பியது. அறுத்த விளிம்பு அசைந்தது. மேலும் கீழுமாக.

ஃபேன் சுற்றத் தொடங்கியது.

கரும்பு ஒடிகிற சத்தம். மறுபடி ஒன்று. அவள் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். ரத்தம் தூபக்காலில் தெறித்துச் சுரீரென்றது. "நாயில்ல" என்றான். "நாயில்ல ரஞ்சனி, நாயில்ல, விடச் சொல்லு, அவள விடச் சொல்லு."

விட்டது.

இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். அவன் கையை உயர்த்திப் பார்த்தான். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. கண் செருகித் தலை சரிந்தது.

ஃபேன் நின்றது. சந்தில் ஒரு சத்தமில்லை.

சாவி. அவன் பையில். விரல் வழுக்கியது. எட்டிவிட்டாள்.

அப்போது புகை திரும்பி வந்தது. போன வழியே, மெதுவாக, வெதுவெதுப்பாக, ஒரு பெருமூச்சைப் போல அவள் முகத்தில் படிந்தது. வெற்றிலை வாசம். மஞ்சள் வாயின் இருட்டிலிருந்து நீளமான கை ஒன்று வெளியே வந்தது. மோதிரம் தெரிந்தது. கல்யாணத்தில் அவள் போட்ட மோதிரம். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை, தளர்வில்லாமல், மல்லிகைச் சரம் பிடித்திருந்தது.

"இன்னிக்கு அவரு கையாலயே அளந்திருக்கேன் ரஞ்சனிம்மா. எத்தனை முழம் வேணும்?"