முகம் தேடும் சதுரம்

காலி நாற்காலியின் மேல் கேமரா ஒரு மஞ்சள் சதுரம் போட்டது. முகத்தைக் கண்டால் மட்டும் போடுகிற சதுரம். போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து நேராகப் பார்த்தான். முதல் வரிசையில் ஈ காக்கை இல்லை.

நாளைக்கு அவன் நண்பனுக்குக் கல்யாணம். எந்த லென்ஸ் எங்கே சரிப்படும் என்று பார்த்து வைக்கத்தான் சாயங்காலமே மண்டபத்துக்கு வந்திருந்தான். புதுப் பெயிண்ட் நெடியும், துவைத்துப் போட்ட நாற்காலி உறைகளின் சோப்பு வாசனையும், மேலே ஒரு மின்விசிறி நின்று நின்று சுற்றுகிற கிறீச்சும் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ள, 'லென்ஸ் கோளாறு, வேறென்ன' என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, தூரத்து முகத்தைக் கிட்டே இழுக்கும் நீள லென்ஸைக் கழற்றிவிட்டு நடுத்தர லென்ஸை மாட்டினான்.

இப்போது எல்லாம் சின்னதாகத் தெரிய வேண்டும். நாற்காலிகள் சின்னதாயின. சதுரம் மட்டும் பெரிதாகியிருந்தது. அப்படியென்றால் அது எழுந்து கிட்டே வந்திருக்கிறது.

யார் முகம் என்று அவன் மனசுக்குத் தெரியாதா என்ன! போன வருஷம் நண்பனின் அப்பா பிறந்தநாளுக்குப் படம் எடுத்தவன் இவன்தான். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, மறுநாள் வேறொரு வேலைக்காகக் கேமராவின் மெமரி கார்டை மொத்தமாக அழித்தான். மூன்றாம் வாரம் அவர் போய்ச் சேர்ந்தார். கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிற மனிதர் சிரித்த ஒரே நாள் அது. "கார்டு தானா கெட்டுப்போச்சுடா" என்று வாய் கூசாமல் சொன்னான். நண்பன் அப்படியே நம்பினான். அதை நினைத்தால் இன்றும் இவனுக்கு வெட்கத்தில் சோறு இறங்காது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" மாப்பிள்ளையான நண்பன் சிரித்தபடி மேடையேறினான். "என்னை நிக்க வெச்சு வெளிச்சம் பாத்துக்கோ."

அகல லென்ஸை மாட்டினான்.

இரண்டு சதுரம். ஒன்று நண்பன் முகத்தில். இன்னொன்று தோளுக்கு மேல், ஒட்டினாற்போல்.

"டேய்," நண்பனின் குரல் இறங்கியது, "அந்தக் கார்டுல இருந்து அப்பா படம் ஒண்ணே ஒண்ணு எடுக்க முடியாதா? நாளைக்கு மேடையில வைக்கணும்னு ஆசை. என்ன ஆச்சுன்னு உண்மையைச் சொல்லு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

சொல்லிவிடலாம். இதோ, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எவ்வளவோ பாத்துட்டேன்டா. கார்டு செத்துப்போச்சு. நான் ஒண்ணுமே பண்ணல."

தோள்மேல் இருந்த சதுரம் நகர்ந்தது. நண்பன் முகத்தில் வந்து படிந்தது. இரண்டும் ஒன்றாயின. அணைந்தன.

கேமரா முகம் தேடியது. லென்ஸ் முன்னே ஓடியது. பின்னே ஓடியது. கிர்ர். கிர்ர். எதுவும் சிக்கவில்லை.

கண்ணை எடுத்தான்.

அதே சட்டை. அதே வாரிய தலை. நடுவில் கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. நெற்றித் தோல் தாடைவரை வழவழவென்று இறங்கியிருந்தது.

"சரி விடுடா, நீ என்ன பண்ணுவ," தோலுக்கு அடியிலிருந்து நண்பனின் குரல் வந்தது. அவ்வளவு அன்பாக. "என்னையாவது ஒண்ணு நல்லா எடு."

உதடு இருந்த இடத்தில் தோல் மெல்ல இருபக்கமும் இழுபட்டது, சிரிப்பதற்கு.