மூணாம் லெவல் ரயில்

நியாஸ் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடிய ரயிலுக்கு மூன்று லெவல் உண்டு.

முதல் லெவலில் ரயில் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் கிளம்பும். இன்னொன்றை அழுத்தினால் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றுவிடும். இரண்டாம் லெவலில் சிக்னல் பார்த்து ஓட்ட வேண்டும்.

மூன்றாம் லெவல் அப்படியே அசல். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும் முன்பே பிரேக் போட வேண்டும். இல்லாவிட்டால் ரயில் பிளாட்பாரத்துக்கு டாட்டா காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, திரையின் மூலையில் அடிக்கடி ஒரு மஞ்சள் விளக்கு மின்னும். டிரைவர் உடனே ஒரு பொத்தானைத் தட்டி, தான் விழித்திருப்பதைக் காட்ட வேண்டும். தட்டாவிட்டால் வண்டி தானாக நின்றுவிடும்.

1999-ல் காரைக்குடியின் அந்தத் தெருவிலேயே கம்ப்யூட்டர் இருந்தது அந்த ஒரு வீட்டில்தான். அதனால் விடுமுறை முழுக்கத் தெருப் பிள்ளைகள் அங்கேதான் கிடந்தார்கள். அன்று கூட்டம் இன்னும் அதிகம். மறுநாள் நியாஸின் அத்தா அதைத் தன் பாத்திரக்கடைக்குக் கொண்டுபோய்விடுவார். அதற்குப் பிறகு ரயிலும் இல்லை, லெவலும் இல்லை.

பக்கத்து வீட்டு அலெக்ஸுக்கு வலது கையில் மாவுக்கட்டு. கொய்யாமரத்தில் ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரியவில்லை. இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாம் லெவலை ஓட்டினான். பிரேக் பொத்தான் ஒரு கோடி, விளக்குப் பொத்தான் மறு கோடி. பிரேக்கில் கை இருந்தபோது விளக்கு மின்னியது. ரயில் வயல்காட்டில் நின்றது. தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கும் டிரைவர் படம் திரையில் வந்தது.

"கொட்டாவி எக்ஸ்பிரஸ்!" என்று நியாஸ் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

அலெக்ஸின் காது சிவந்துவிட்டது.

"சரிடா, உனக்கு மொத லெவல் போட்டுத் தாரேன்" என்றான் நியாஸ்.

"அது பாப்பா வெளையாட்டு. எனக்கு வேணாம்." அலெக்ஸ் எழுந்து செருப்பைத் தேடினான்.

நியாஸின் தங்கை சனா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. லீவு நாளில் அத்தாவின் கடையில் உட்கார்ந்து பழகியவள். குடம் வாங்க வருகிறவர்கள் குடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அண்டாவையும் குத்துவிளக்கையும் விலை கேட்டுவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று குடத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள்.

"அண்ணே, இது அசல் லெவல்தானே?" என்று கேட்டாள்.

"பின்ன? நூத்துக்கு நூறு!"

"அப்ப எதிர்வண்டி வரணுமே. கல்லல் ஸ்டேஷன்ல நாம எம்புட்டு நேரம் கெடந்தோம்? நீயும் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு."

"யாரு, நானா?"

"டிக்கெட் பரிசோதகரும் வேணும். இங்குட்டு நிக்கிற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல. எல்லாரையும் எறக்கி விடு."

"ஏய்!" என்று கூட்டம் அலறியது.

"வடை விக்கவும் ஆள் வேணும். நீயே வித்துரு. அம்மாட்ட தட்டு வாங்கிட்டு வாரேன்."

"போடி! நான் வடை விக்க மாட்டேன்."

"சரி, வடைய விட்டுருவோம். டிக்கெட்டையும் விட்டுருவோம். எதிர்வண்டிக்குப் பத்து நிமிஷமாச்சும் நில்லு."

"அஞ்சு நிமிஷங்கூட முடியாது!"

நஷ்டத்துக்கு விற்கும்போது அத்தா விடுகிற அதே பெருமூச்சைச் சனா விட்டாள்.

"ஒண்ணுக்குமே எறங்கி வரமாட்டேங்கிறியே. போகட்டும், அசல் எஞ்சின்ல ரெண்டு பேரு உக்காந்திருப்பாங்கள்ல, அதையாச்சும் வையி. அதுகூட இல்லேன்னா இதை அசல்னு எப்படிச் சொல்றது?"

"அம்புட்டுத்தானே? வச்சுக்க!"

சொன்ன பிறகுதான் நியாஸுக்குத் தான் என்ன கொடுத்தோம் என்று உறைத்தது. அதற்குள் சனா இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள்.

"வாங்க அலெக்ஸண்ணே. நீங்க வண்டிய ஓட்டுங்க. மஞ்ச வெளக்கு என் பொறுப்பு."

அலெக்ஸ் தயங்கினான். "ஆள் வச்சு ஓட்டுறான்னு சிரிப்பானுகளே."

"அசல் டிரைவருக்கும்தான் பக்கத்துல ஆள் இருக்கு. அவரப் பாத்து யாராச்சும் சிரிக்கிறாகளா?"

அலெக்ஸ் உட்கார்ந்தான். ரயில் கிளம்பியது.

"மஞ்சள்!" என்றான் அவன்.

"தட்டியாச்சு!" என்றாள் அவள்.

பாலம் போனது, பனைமரங்கள் மாதிரி ஏதோ மரங்கள் போயின. ஸ்டேஷன் இன்னும் தெரியவே இல்லை. அலெக்ஸ் பிரேக் போட ஆரம்பித்தான்.

"இப்பவே எதுக்குடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கனமான வண்டிடா. மெதுவாத்தான் அடங்கும்" என்றான் அலெக்ஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிளாட்பாரம் வந்தது. ரயில் ஊர்ந்தது, இன்னும் ஊர்ந்தது, ஒரு பெருமூச்சோடு நின்றது. கடைசிப் பெட்டிகூட வெளியே நிற்கவில்லை. நியாஸுக்கே இதுவரை இப்படி ஒரு தடவையும் நின்றதில்லை.

கூட்டம் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து அம்மா பல்கீஸ் கரண்டியோடு ஓடி வந்தார். "என்ன ஒடைஞ்சுச்சு?"

"ஒண்ணும் ஒடையலம்மா. வண்டி நின்னுருச்சு!"

"நின்னதுக்கா இம்புட்டுச் சத்தம்?" என்று அவர் திரும்பிப் போனார்.

அடுத்த முறை நியாஸுடையது. நாற்காலியில் உட்கார்ந்தவன், இடம் விட்டு எழுந்த அலெக்ஸின் சட்டையைப் பிடித்தான்.

"எங்குட்டுடா போற? பக்கத்துல உக்காரு. எப்ப பிரேக் போடணும்னு சொல்லு."

அலெக்ஸ் உட்கார்ந்தான். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை.

"முன்னால செவப்பு. நிறுத்து!" என்று அதட்டினான்.

நியாஸ் மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினான்.