பட்டமரத்தின் வெள்ளை இலைகள்

படத்தில் அவள் கணவனின் முகம் சாம்பல் நிறமாக விழுந்திருந்தது.

கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் அந்த டிஜிட்டல் கேமராவில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரைத் திருகி மாட்டினால், உயிருள்ள இலை பனி கொட்டியதுபோல் வெள்ளையாக விழும். சாகப்போகிற இலை, வெளியே என்னதான் பச்சையாகச் சிரித்தாலும், மங்கிவிடும். பூங்காவில் எந்தெந்த மரம் தேறாது என்று கண்டுபிடிக்க இவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் படம் எடுப்பாள். அவன் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்பான். ஒப்பிட்டுப் பார்க்க, நிச்சயமாகச் செத்த மரம் ஒன்றை எப்போதும் முதலில் எடுப்பார்கள். இன்றைக்குக் கிடைத்தது குளக்கரையில் இருந்த இந்த மொட்டைப் பட்டமரம்.

மனிதத் தோலும் இந்த ஃபில்டரில் மெழுகாக வெளுத்துத்தான் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவன் முகத்தை அப்படிப் பார்த்தே அவளுக்குப் பழக்கம்.

"ஏங்க, மூஞ்சில எதையாவது பூசியிருக்கீங்களா?"

"இந்த மூஞ்சிக்கு இனிமே பூசி என்ன ஆகப்போகுது மேடம்? நீ எடு. இங்க நல்லா குளுகுளுன்னு இருக்கு."

அவன் மரத்தில் சாய்ந்திருந்தான். உச்சிவெயிலில், நிழலே இல்லாத மரத்தடியில் என்ன குளிர்ச்சி என்று அவளுக்குப் புரியவில்லை. ஃபில்டரைத் துடைத்தாள். சந்தேகம் தீரத் தன் இடது கையை நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். கை வெள்ளைவெளேரென்று இருந்தது. கேமராவில் கோளாறு இல்லை.

மறுபடி அவனை எடுத்தாள். கறுப்புச் சட்டை இந்த ஃபில்டரில் வழக்கம்போல் வெளிறியிருந்தது. அதற்கு மேலே கழுத்தும் முகமும் அடுப்பில் கிடந்த கட்டைபோல் கறுத்திருந்தன. கிளை நுனிகளில் வெள்ளைப் புள்ளிகள். நிமிர்ந்து பார்த்தாள். கிளைகளில் ஒன்றுமில்லை. ஆனால் சூடான மண்வாசனைக்கு நடுவே, யாரோ பச்சிலையைக் கசக்கியதுபோல் ஒரு வாசம் எங்கிருந்தோ வந்தது. காற்றே இல்லை. மேலே இலைகள் சலசலக்கும் சத்தம் கேட்டது.

அவளுக்குப் பயம் வந்தது.

"வாங்க, போயிடலாம்."

"கொஞ்சம் இரும்மா. தூக்கமா வருது."

ஸ்டாண்டில் இருக்கும் கேமரா ஆடக்கூடாது என்பதற்காக எப்போதும் டைமரில்தான் எடுப்பாள். கை பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. படம் விழும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. ஓடினாள். இடது கையால் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். சில்லென்றிருந்தது. முதுகு மரத்தை விட்டு வரவில்லை.

"ஏங்க."

கண் திறந்தே இருந்தது.

"என்னங்க, பேசுங்க."

பின்னால் கேமரா சொடுக்கியது.

போன், கேமராப் பைக்குள் இருந்தது. ஆளைக் கூப்பிட வேண்டும். திரும்பி ஓடினாள். பையைத் திறக்க விரல்கள் மடங்கவில்லை. இடது கை. உணர்ச்சியே இல்லை. திரையில் படம் வந்திருந்தது.

பட்டமரம் வெள்ளை இலைகளால் நிறைந்திருந்தது. ஒரு குச்சிகூட வெளியே தெரியவில்லை. அடியில் கரிக்கட்டையாக அவன். அவனைப் பிடித்திருந்த அவள் கை, மணிக்கட்டு வரை கறுப்பு.

மேலே சூரியன் இருந்தது. படத்தில் ஓர் இலைகூட அதைப் பார்க்கவில்லை. எல்லா இலைகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன.