மூன்றுதரம் தட்டினால் நிற்பாட்டவேண்டும்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்காபரோவில், மார்க்கம் ரோட்டுப் பிளாசா ஒன்றின் தரிப்பிடத்துக்குள் அருள்நாயகம் தன் பிக்கப் ட்ரக்கை மெல்ல உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். ட்ரக்கின் முதுகில் ஒரு பெரிய பெட்டி ஏறி உட்கார்ந்திருந்தது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, ஓர் ஆள் குந்தி எழும்பக்கூடிய அளவில் கக்கூஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. வெள்ளைக்காரர் அதைக் காம்பர் என்பார்கள். அருள்நாயகத்தின் அப்பார்ட்மென்ட் கட்டடத்துச் சனம் அதற்கு நத்தை என்று பேர் வைத்துவிட்டது.

அன்றைக்கு அந்தத் தரிப்பிடத்தில் ஒன்பது நத்தைகள் வரிசையில் நின்றன. காம்பர் வைத்திருப்போர் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடல் மில்டனுக்கு அப்பால் ஒரு கண்காட்சித் திடலில் நடக்க இருந்தது. மூன்று நாள் கூத்து அது. சோளம் அவிப்பார்கள், ஒருவர் பெட்டிக்குள் ஒருவர் ஏறி இறங்குவார்கள், கூரை ஒழுக்கைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்பார்கள். அருள்நாயகத்துக்குப் பெட்டியை விற்ற கோர்டன்தான் சங்கத்திலும் சேர்த்துவிட்டவர். ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், வாய் ஓயாத மனிதர். வரிசையின் கடைசியில், அருள்நாயகத்துக்குப் பின்னால், தானே வருவதாகச் சொல்லி ட்ரக்கில் ஒரு சி.பி. ரேடியோவையும் பூட்டிக் கொடுத்திருந்தார். ஓடுகிற வண்டிகளிலிருந்து ஆளுக்காள் அதில் கதைத்துக்கொள்ளலாம்.

பெட்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் மனைவி மக்டலீன். அருள்நாயகத்துக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அதன் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டாலே அவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இடுப்பு வலி, மெத்தை சரியில்லை என்று சாட்டுச் சொல்லி, வாங்கிய நாள் முதல் ஓர் இரவுகூட அவன் அதில் படுத்ததில்லை. உண்மையான காரணத்தை மக்டலீனுக்குச் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தக் காரணம் அவளுடைய தம்பி.

சீமோன் அவளுக்கு ஒரேயொரு தம்பி. எட்டு வருடங்களுக்கு முன், மக்டலீன் வயிற்றில் பிள்ளையோடு மன்னாரில் இருக்க, அருள்நாயகமும் சீமோனும் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி ஒன்றாகப் புறப்பட்டார்கள். கனடா வந்து சேர்ந்தது ஒருவன்தான். எல்லையில் பொலிஸ் துரத்தியபோது பிரிந்துவிட்டோம் என்று அருள்நாயகம் சொல்லியிருந்தான். பிரிந்தவன் எங்கோ இருப்பான் என்றுதான் மக்டலீன் இன்றைக்கும் நம்புகிறாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். காணாமற்போனதை எல்லாம் கண்டுபிடித்துத் தருகிறவரல்லவா அவர். மெழுகுதிரி எரிகிற நேரம் பார்த்து அருள்நாயகம் குப்பை கொட்டப் போய்விடுவான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எட்டு வயது மகள் நிரோஷினி பெட்டியின் மேல்படுக்கையில் படுத்துத் தெருப் பார்க்க வேண்டும் என்றாள். சரி, நானும் பின்னால் ஏறுகிறேன் என்றாள் மக்டலீன். ட்ரக்குக்கும் பெட்டிக்கும் இடையில் வழி கிடையாது. முன்னுக்கு இருப்பவன் பின்னுக்கு இருப்பவர்களைப் பார்க்க முடியாது. கதவைச் சாத்துமுன் அருள்நாயகம் எச்சரித்தான்.

"தண்ணி வேணுமெண்டால் முன் சுவரில ஒருக்கால் தட்டுங்கோ. வெளிக்குப் போகவேணுமெண்டால் ரெண்டுதரம். நிப்பாட்ட வேணுமெண்டால் மூண்டுதரம்."

மக்டலீன் சிரித்துவிட்டாள். "தண்ணியும் கக்கூசும் உள்ளுக்குத்தானே இருக்கு, அப்பா."

அப்போதுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அந்தக் கணக்கு அவனுடையதல்ல. அது, அவனையும் சீமோனையும் எல்லை கடத்திய லொறிக்காரன் சொல்லிக் கொடுத்தது. எட்டு வருடமாக வாயில் வராத சொற்கள், கதவடியில் நின்றதும் தாமாக வந்துவிட்டன.

அவன் கதவைச் சாத்தினான்.

401 நெடுஞ்சாலையில் ஏறிக் கெனடி ரோட்டைத் தாண்டும்போது முதல்தரம் கேட்டது. முதுகுக்குப் பின்னால், சீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில். டொக். டொக். டொக்.

அவன் ஓரங்கட்டினான். கோர்டனும் பின்னால் ஒதுங்கினார். அருள்நாயகம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது தாயும் மகளும் மேசையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தட்டவில்லையாம். ஏதாவது சாமான் உருண்டிருக்கும் என்றாள் மக்டலீன். ஆனால் கதவு திறந்தபோது வெக்கையோடு சேர்ந்து ஒரு நாற்றம் அவன் முகத்தில் அடித்தது.

அழுகிய வெங்காயம்.

வெங்காயம் ஏதும் கொண்டுவந்தார்களா என்று கேட்டான். இல்லை என்றாள். அவளுக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை.

திரும்ப ஏறி ஓட்டினான். யங் ஸ்ட்ரீட் போனது. அலன் ரோட் போனது. தட்டுச் சத்தம் இல்லை. வெயிலுக்குக் கானல் பறந்த தெருவையும் பக்கத்தில் உறுமிக்கொண்டு போன ட்ரெய்லர்களையும் பார்க்க அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பட்டப்பகலில், இத்தனை வாகனங்களுக்கு நடுவில் என்ன வந்துவிடப் போகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

சி.பி. கரகரத்தது. கோர்டன். கதவடியில் நிற்கிற பையனைக் கொஞ்சம் இருக்கச் சொல், நீ பிரேக் அடித்தால் விழுந்துவிடுவான் என்றார்.

எந்தப் பையன் என்று அருள்நாயகம் கேட்டான்.

பின்கதவுக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நிற்கிறானே, உன்னுடைய சொந்தக்காரனா என்றார் கோர்டன். மெலிந்த பையன். இந்த வெக்கைக்குள் கம்பளித் தொப்பி போட்டிருக்கிறான், என்ன பைத்தியம் என்று சொல்லிச் சிரித்தார்.

 அந்தத் தொப்பியின் நிறத்தைக் கோர்டன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வந்த வழியில், மொஸ்கோவில் ஒரு நடைபாதைக் கடையில் பேரம் பேசி, சீமோனின் தலையில் அதை மாட்டிவிட்டவனே அருள்நாயகம்தான்.

டொக். டொக். டொக்.

கீல் ஸ்ட்ரீட் வெளியேற்றத்தில் இறங்கி ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினான். பெட்டியின் கதவைத் திறக்க இரண்டுதரம் கை நீட்டி இரண்டுதரமும் பின்வாங்கினான். மூன்றாம் முறை மக்டலீனே உள்ளிருந்து திறந்தாள். முகம் சிவந்திருந்தது. காற்று வரட்டும் என்று பின்கதவுக் கண்ணாடியை அவள் இறக்கிவிட்டிருந்தாள்.

"ஏன் சும்மா சும்மா தட்டுறியள்? பிள்ளை நித்திரையாகுதில்லை. எனக்கும் தலையிடிக்குது."

"நான் தட்டேல்லை."

"அப்ப ஆர்?"

அவன் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே பார்த்தான். கக்கூஸ் கதவைத் திறந்தான். அலுமாரியைத் திறந்தான். மேல்படுக்கையில் நிரோஷினி மட்டும் அரைக்கண்ணோடு படுத்திருந்தாள். இறங்கி முன்னுக்கு வாருங்கள், இரண்டு பேரும் என்னோடு இருங்கள் என்று மக்டலீனிடம் கெஞ்சினான். ஏன் என்று கேட்டாள் அவள். அந்த ஏனுக்கு அவனிடம் ஒரேயொரு பதில்தான் இருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மிச்சம் ஒன்றும் நடந்திருக்காது. அவன் ஒன்றுமில்லை என்றான். தலையிடிக்கு இரண்டு குளிசை போட்டுக்கொண்டு மக்டலீன் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துவிட்டாள்.

எக்ஸ்பிரஸ் பாதையில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் வாகனங்கள் அடைத்துக்கொண்டன. முன்னால் ஏதோ விபத்து. இரண்டு பக்கமும் ட்ரெய்லர்கள். கோர்டனின் வண்டி நாலைந்து வாகனங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அடிக்கு அடி ஊர்ந்து, நின்று, ஊர்ந்து, நின்று. ட்ரக் தன்பாட்டில் உறுமிக்கொண்டிருந்தது.

டொக். டொக். டொக்.

அவன் நிறுத்தவில்லை.

டொக். டொக். டொக்.

உது அவன்தான். நான் திரும்பமாட்டன் என்று அருள்நாயகம் தனக்குள் சொன்னான். வானொலியைச் சத்தமாக வைத்தான். வெங்காய நாற்றம் இப்போது முன்னுக்கும் வந்துவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டே அவன் அந்த லொறிக்குள் இருந்தான்.

தொண்ணூறாம் ஆண்டு தை மாதம். வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் எட்டுப் பேர், நின்றபடி. எல்லைக்குக் கிட்ட வந்தபோது சீமோனுக்குத் தொய்வு இழுக்கத் தொடங்கியது. மூச்செடுக்க முடியாமல் அவன் சுவரில் மூன்றுதரம் தட்டினான். லொறி நிற்கவில்லை. வெளியே பொலிஸின் குரல் கேட்டது, நாய் குரைத்தது. சீமோன் திரும்பத் திரும்பத் தட்டினான், பிறகு கத்த வாயெடுத்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் அருள்நாயகம். ஒரு கையால் சீமோனின் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினான். பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்துத்தான் பொத்தினான். சீமோனின் கை மட்டும் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாகத் தட்டியது. பிறகு நின்றது. லொறி எல்லையைக் கடந்தது. விடிந்ததும் ஒரு காட்டோரத்துப் பனியில் அவனைக் கிடத்திவிட்டு ஏழு பேரும் திரும்ப ஏறினார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள்.

டொக். டொக்.

இரண்டுதான் கேட்டது. மூன்றாவதற்காக அவன் காத்திருந்தான்.

டொக்.

மெல்லிய சத்தம். சின்னக் கை ஒன்று தட்டுகிற சத்தம்.

பிறகு ஒன்றும் இல்லை.

தட்டியபோது வராத பயம், தட்டுச் சத்தம் நின்றபோது வந்தது. அருள்நாயகம் நடுத்தெருவில் ட்ரக்கை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் ஓடினான். நாலாபக்கமும் ஹோர்ன் அடித்தார்கள். பெட்டியின் கைப்பிடி திரும்பியது. கதவு வரவில்லை. அது பூட்டியிருக்கவில்லை. அவன் இழுக்க இழுக்க உள்ளிருந்தும் யாரோ இழுத்தார்கள்.

"சீமோன்," என்றான். அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டு எட்டு வருடமாகியிருந்தது. "என்னைப் பிடி. அதுகளை விட்டுவிடு."

இழுத்த கை விட்டது. கதவு பிய்ந்ததுபோலத் திறந்து அவன் மல்லாக்காக விழுந்தான். அவனுக்கு மேலால் சில்லென்று ஒரு குளிர் இறங்கிப் போனது.

உள்ளே புகை மணத்தது. மக்டலீன் படுக்கையில் அசைவில்லாமல் கிடந்தாள். நிரோஷினி முன்சுவரடியில், தரையில், ஒரு கையைச் சுவரில் சாய்த்தபடி கிடந்தாள். ஓடிவந்த கோர்டனும் அவனும் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ட்ரக்கின் சொந்தப் புகைதான் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். நெரிசலில் ஊர்ந்தபோது, திறந்திருந்த பின்கண்ணாடியால் அது உள்ளே இழுபட்டிருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும், நல்ல காலம் என்று அருள்நாயகத்தின் தோளைத் தட்டினார். அவன் அந்த விளக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கோர்டன் பார்த்தது கண்ணாடியில் விழுந்த நிழலாக இருக்கலாம். குளிர், வெங்காயம், இழுத்த கை எல்லாம் அவனுடைய மனப்பயமாக இருக்கலாம். ஜன்னலில் இன்னும் மாலை வெயில் இருந்தது. ஒரு கட்டிலில் மக்டலீன் ஒட்சிசன் மாஸ்க்கோடு உறங்கினாள். மற்றதில் நிரோஷினி விழித்துக்கொண்டாள். அவன் அவள் பக்கத்தில் போய் இருந்தான்.

"நான் தட்டினனான், அப்பா. கனதரம். நீங்கள் நிப்பாட்டேல்லை."

அவன் அவளுடைய காலைத் தடவிக்கொடுத்தான்.

"பிறகு கத்தப் பாத்தன். மாமா விடேல்லை."

"எந்த மாமா?"

"அம்மாவின்ர பர்ஸ் போட்டோவில இருக்கிற மாமா. என்ர வாயைப் பொத்திப் பிடிச்சவர். கை சரியான குளிர்." அவள் ஆறுதலாக, பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். "இன்னும் கொஞ்சத் தூரம்தான், பொறு ராசா எண்டு காதுக்குள்ள சொன்னவர். என்னை ஏன் ராசா எண்டவர்?"

அந்த லொறிக்குள், சீமோனின் காதோடு காதாக அருள்நாயகம் சொன்ன சொற்கள் அவை. பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டிருக்காது.

"இப்ப எங்கை அவர்?" என்று கேட்டான். 

"நீங்கள் கதவு திறக்கேக்கை இறங்கிப் போட்டார். நடந்து வாறாராம். எங்கட வீடு எங்கையெண்டு கேட்டவர். ஸ்கூலில பாடமாக்கின மாதிரி அட்ரஸ் முழுக்கச் சொன்னன்."

பக்கத்துக் கட்டிலில் ஏதோ அசைந்தது. மக்டலீன் கண் விழித்திருந்தாள். எவ்வளவு நேரமாக விழித்திருந்தாளோ தெரியாது. அருள்நாயகத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மாஸ்க்கை விரலால் விலக்கி, மகளிடம் மட்டும் கேட்டாள்.

"தம்பி மெலிஞ்சே போனவன்?"

"ஓம் அம்மா," என்றாள் நிரோஷினி. "நான் கீழ்க்கதவு திறக்கிற பஸர் நம்பரும் சொல்லிப்போட்டன்."